கிருமிக்கு ஒரு கண்ணி

எட்டாம் வகுப்பில் சில நாட்களுக்கு முன்பு மின்சாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மின்சாரத்தைச் சீப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடங்களில் பரம்பரையாக வந்த சம்பிரதாயம். எண்ணெய் காணாத தலைமயிரில் பிளாஸ்டிக் சீப்பை நாலைந்து தடவை இழுத்துவிட்டு, மேஜைமீது தூவிய காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுபோனால், அவை துள்ளி எழுந்து சீப்பில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் கரும்பலகையில், "தேய்ப்பதால் சீப்பு மின்னேற்றம் பெறுகிறது; ஆகையால் காகிதத்தை இழுக்கிறது" என்று எழுதுவேன். இருபது வருஷமாக இப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன்.

இந்தத் தடவை இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"ஸார், ஒரு சந்தேகம். சீப்பைத் தேய்த்தோம், அதில் மின்னேற்றம் வந்தது, சரி. காகிதத்தை யாரும் தேய்க்கவில்லையே! அதில் மின்னேற்றமே இல்லையே! பின்னே அது ஏன் ஓடிவருகிறது?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. நானும் சற்று அமைதியாகத்தான் இருந்தேன். கேள்வி சின்னதாகத் தோன்றினாலும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனால், நோய்க் கிருமிகளை மின்சாரத்தால் உயிரோடு பிடிக்கும் நவீன வித்தையில் கொண்டுபோய் விடும். அந்தப் பெண்ணுக்குச் சொன்னதையும், மணி அடித்துவிட்டபடியால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே வாசகர்களுக்குச் சொல்லுகிறேன்.

காகிதத்தில் மின்னேற்றம் இல்லை என்று சொன்னோம். உண்மையில், இரண்டு வகை மின்னேற்றங்களும் சரிசமமாக அதில் இருக்கின்றன. ஆகையால் கூட்டிக் கழித்தால் பூஜ்யம். எதிர் மின்னேற்றம் கொண்ட சீப்பு அருகில் வந்ததும், காகிதத்திலுள்ள எதிர் மின்னேற்றம் சற்றே விலகி நிற்கிறது. நேர் மின்னேற்றம் சற்றே முன்னே வருகிறது. முன்பக்கத்தைச் சீப்பு இழுக்கிறது, பின்பக்கத்தைத் தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருந்தால் காகிதம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் சீப்பின் மின்சார ஆதிக்கம் பக்கத்தில் பலமாகவும், தூரம் போகப் போகப் பலவீனமாகவும் இருக்கிறது. முன்பக்கம் அருகில் இருப்பதால் இழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி. பின்பக்கம் தள்ளி இருப்பதால் தள்ளு கொஞ்சம் கம்மி. இழுப்பில் தள்ளைக் கழித்து நிற்கும் மிச்சம்தான் காகிதத்தைத் துள்ள வைக்கிறது.

இந்த மிச்சம் உண்டாவதற்கு முக்கியமான நிபந்தனை ஒன்றுதான். மின்சார ஆதிக்கம், அதாவது மின்புலம், இடத்துக்கு இடம் ஏறத்தாழ இருக்க வேண்டும். எங்கும் ஒரே சீராக இருந்தால் காகிதம் அசையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே வருவதெல்லாம் சுலபமாகப் புரியும்.

* * *

கிருமியைப் பிடிப்பதற்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். எனக்கு அதன் அவசியம் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.

சில வருஷங்களுக்கு முன்பு என் தமக்கையின் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாளும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் ரத்தம் எடுத்து, கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்க அனுப்பினார். "முடிவு வர மூன்று நாளாகும். அதுவரை சும்மா இருக்க முடியாது. உத்தேசமாக ஒரு மருந்து கொடுக்கிறேன்" என்றார். அந்த மூன்று நாளும் நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் மாலை முடிவு வந்தது. கொடுத்த மருந்து அந்தக் கிருமிக்குப் பலிக்காது. வேறு மருந்து வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. மருந்தை மாற்றினார்கள். குழந்தை பிழைத்தாள். ஆனால் அந்த மூன்று நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் மறக்கவில்லை. டாக்டர்மீது குற்றம் சொல்ல இடமில்லை. கிருமி வளர்வதற்கு அத்தனை நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர் ஜெர்மானிய வைத்திய அறிஞர் ராபர்ட் காக். 1880-களின் தொடக்கத்தில் அவர் கெட்டியான உணவுப் படலத்தின்மேல் கிருமிகளைத் தனித்தனியாக வளர்க்கும் வழியைக் கண்டார். முதலில் ஜெலட்டினை உபயோகித்துப் பார்த்தார். அது உடம்புச் சூட்டிலேயே உருகிவிட்டது. அவருடைய ஆராய்ச்சிச்சாலையில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே அம்மையார், தம் சமையலறையில் ஜெல்லி செய்ய உபயோகித்து வந்த கடல்பாசிப் பொருளைச் சொன்னார். நம் மளிகைக் கடைகளில் 'சைனா கிராஸ்' என்று விற்கும் அகர் அகர்தான் அது. இன்றைக்கும் உலகத்து ஆராய்ச்சிச்சாலைகளிலெல்லாம் கிருமிகள் அந்தச் சமையலறைச் சரக்கின்மேல்தான் வளர்கின்றன. காக் 1883-ம் வருஷக் கடைசியில் கல்கத்தாவுக்கு வந்து, மறு வருஷம் காலராவுக்குக் காரணமான கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியதும், அதே கிருமியை அங்கே ஒரு குளத்துத் தண்ணீரில் கண்டதும் இந்த முறையின் பெருமைகள்.

இந்த முறைக்கு உள்ள ஒரே குறை நேரம். குடலில் வாழும் ஈ. கோலி என்ற பாக்டீரியா, நல்ல உணவும் சூடும் கிடைத்தால் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, இருபத்து நாலு தடவை இரட்டித்தால் 1,67,77,216 ஆகும். கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரிவதற்குக் கிருமிகள் இப்படி லட்சக் கணக்கிலும் கோடிக் கணக்கிலும் பெருக வேண்டும். கணக்குப்படி எட்டு மணி நேரம். காரியத்தில் ஓர் இரவு. பிறகு அது என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்க இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ. க்ஷயரோகக் கிருமியோ மகா சோம்பேறி. அது வளர வாரக் கணக்காகும்.

தண்ணீருக்கும் இதே கதிதான். குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஓர் ஈ. கோலி கூடக் காணக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். குழாய்த் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினால் வழக்கமான வளர்ப்பு முறையில் முடிவு வர ஒரு நாளாவது ஆகும். அதற்குள் அந்தத் தண்ணீரை ஊர் குடித்து முடித்திருக்கும்.

கிருமியின் மரபுப் பொருளைக் கொண்டு சில மணி நேரத்தில் கண்டறியும் சோதனைகள் இப்போது வந்திருக்கின்றன. அவை பேருபகாரம் செய்கின்றன. ஆயினும், செத்த கிருமியின் மரபுப் பொருளும் அதே சாட்சி சொல்லிவிடும். குளோரின் போட்டுக் கொன்ற கிருமியா, இன்னும் உயிரோடு இருப்பதா என்று பிரித்துச் சொல்வது அந்தச் சோதனைக்குக் கடினம். ஆகவே, வளரும்வரை காத்திராமல், உயிருள்ள கிருமியையே கையோடு பிடித்து ஓரிடத்தில் சேர்க்க முடியுமா என்பது கேள்வி.

சேர்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லுகிறேன். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 500 கோடி சிவப்பணுக்கள் இருக்கின்றன. ரத்தத்தில் நோய்க் கிருமி புகுந்து உயிருக்கே ஆபத்தான நிலையிலும், அதே ஒரு மில்லிலிட்டரில் கிருமிகள் நூறுக்குக் குறைவாக, பல சமயம் பத்துக்கும் குறைவாகவே இருக்கும். நெற்களஞ்சியத்தில் விழுந்த கடுகைத் தேடுவது இதைவிடச் சுலபம்.

* * *

மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரிலுள்ள பொருள்களை நகர்த்தலாம் என்பது பழைய செய்தி. மாஸ்கோவில் இருந்த ராய்ஸ் என்ற பேராசிரியர், தண்ணீரில் கலந்த களிமண் துகள்கள் மின்சாரத்தால் ஒரு பக்கமாக நகர்வதை 1809-ல் வெளியிட்டார். ஸ்வீடன் தேசத்து டிஸேலியஸ் அந்த வழியை விருத்தி செய்து, ரத்தத்திலுள்ள புரதங்களை வகை வகையாகப் பிரித்து, 1948-ல் நோபல் பரிசு பெற்றார். பெரும்பாலான பாக்டீரியாக்களின் மேல்தோல் சற்றே எதிர் மின்னேற்றம் உடையது. ஆகையால் அவையும் நேர்மின்வாயை நோக்கி நகரும்.

ஆனால் இதில் இரண்டு சங்கடங்கள். உயிருள்ளது, செத்தது, தூசி, களிமண் எல்லாமே ஒரே பக்கமாக நகர்ந்தால் எதை எதிலிருந்து பிரிப்பது? மேலும், ஒரே திசையில் மின்சாரத்தைச் செலுத்தினால் தண்ணீர் மின்வாய்களில் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து குமிழி விடும். பள்ளிக்கூடத்தில் அதை வேண்டுமென்றே செய்து காட்டுகிறோம்; மயிரிழை போன்ற குழாயில் அந்தக் குமிழிகள் வழியையே அடைத்துவிடும்.

இங்கேதான் காகிதத் துணுக்கு உதவிக்கு வருகிறது. சொந்த மின்னேற்றத்தை நம்பாமல், அருகிலுள்ள மின்புலம் உண்டு பண்ணும் தற்காலிக மின்னேற்றத்தை நம்பினால் என்ன? ஹெர்பர்ட் போல் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்த இயக்கத்தை ஆராய்ந்து, 1951-ல் அதற்கு 'டைஎலக்ட்ரோபோரெஸிஸ்' என்று பெயரிட்டார். பெயர் வாயில் நுழையாது. காரியம் நாம் சீப்பில் பார்த்ததுதான்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. வீட்டு மின்சாரம் விநாடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது அல்லவா? அதைப்போன்ற மாறுதிசை மின்சாரத்தை, விநாடிக்கு ஆயிரக் கணக்கான, லட்சக் கணக்கான தடவை மாறும்படி செலுத்தினால், சொந்த மின்னேற்றத்தால் வரும் நகர்ச்சி முன்னும் பின்னுமாகி அழிந்துபோகும். குமிழித் தொல்லையும் வெகுவாகக் குறையும். ஆனால் காகித இழுப்பு மட்டும் அழியாது. ஏனென்றால், மின்வாயின் மின்னேற்றம் மாறும்போது துகளின் முன்பக்கத்தில் தோன்றும் மின்னேற்றமும் கூடவே மாறிவிடுகிறது. எதிரும் நேரும் இழுத்தாலும் இழுப்புதான். நேரும் எதிரும் இழுத்தாலும் இழுப்புதான். திசை மாறுவதில்லை.

* * *

இனி ஒரு முக்கியமான இடம். காற்றில் காகிதம் எப்போதும் சீப்பை நோக்கியே வரும். தண்ணீரிலுள்ள கிருமி அப்படியல்ல. சில சமயம் மின்புலம் பலமான இடத்தை நோக்கி வரும். சில சமயம் அங்கிருந்து விலகி ஓடும். காரணம், தண்ணீரும் மின்புலத்துக்கு இசைகிற பொருள்தான். கிருமி அதிகமாக இசைந்தால் கிருமி முன்னே வரும். தண்ணீர் அதிகமாக இசைந்தால் தண்ணீர் முன்னே வந்து கிருமியை அப்பால் தள்ளிவிடும்.

கிராமத்துடன் சம்பந்தமுள்ள வாசகர்களுக்கு இதை விளக்குவது சுலபம். விதைநெல்லைப் பொறுக்க விவசாயிகள் என்ன செய்கிறார்கள்? வாளித் தண்ணீரில் ஒரு கோழி முட்டையைப் போட்டு, அது மிதக்கும்வரை உப்பைக் கரைக்கிறார்கள். பிறகு நெல்லைக் கொட்டுகிறார்கள். மணி பிடித்த நெல் அடியில் தங்குகிறது. பதர் மேலே மிதக்கிறது. பதரைப் பூமி இழுக்கவில்லை என்று அர்த்தமல்ல. உப்புத் தண்ணீரை அதைவிட அதிகமாக இழுக்கிறது. உப்பின் அளவைக் கூட்டிக் குறைத்தால் எது மிதக்கும், எது அமிழும் என்பதையே மாற்றலாம். நல்ல விதையையும் பதரையும் பிரிக்கும் சாமர்த்தியம் அந்த உப்பின் அளவில்தான் இருக்கிறது.

மின்சாரக் கண்ணியிலும் இப்படி ஒரு 'உப்பு' உண்டு. மின்சாரம் விநாடிக்கு எத்தனை தடவை திசை மாறுகிறது என்ற எண்ணே அது. அதை அதிர்வெண் என்பார்கள். உயிருள்ள கிருமியைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. அது மின்சாரத்தை எளிதில் உள்ளே விடாது. உள்ளேயோ உப்புகள் கரைந்த சத்து நீர். அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மின்சாரம் மெதுவாகத் திசை மாறும்போது சவ்வு வாசற்கதவைப்போல் அதைத் தடுத்து நிறுத்துகிறது; கிருமி ஏறக்குறைய ஒரு கண்ணாடித் துண்டைப்போல நடந்துகொள்ளும். வேகமாகத் திசை மாறும்போது கதவு பலிப்பதில்லை. உள்ளேயுள்ள உப்புநீர் மின்புலத்துக்கு இசைந்துகொடுக்க, கிருமி இழுபட்டு வரும். செத்த கிருமிக்குச் சவ்வு ஓட்டையாகி, உள்ளேயிருந்த உப்பெல்லாம் வெளியே கசிந்துவிடும். அது வேறு விதமாக நடந்துகொள்ளும். தக்க அதிர்வெண்ணைத் தேர்ந்துகொண்டால் உயிருள்ளது ஒரு பக்கமும் செத்தது ஒரு பக்கமுமாகப் பிரியும்.

இது வெறும் கற்பனை அல்ல. போல் அவர்களும் அவருடைய துணைவர் ஹாக் என்பவரும் உயிருள்ள ஈஸ்ட்டையும் செத்த ஈஸ்ட்டையும் இவ்வாறு பிரித்துக் காட்டியதை 1966-ல் பிரசுரித்தார்கள். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் பாக்டீரியாவைவிடப் பெரியது. ஆகையால் பிடிப்பது சுலபம். பாக்டீரியாக்களின் முறை சற்றுத் தாமதமாக வந்தது. வேல்ஸ் நாட்டில் பாங்கர் சர்வகலாசாலையைச் சேர்ந்த பெதிக் முதலியவர்கள், பாக்டீரியாக்களையும் ஈஸ்ட்டையும் வகை வகையாகப் பிரிக்கும் வழியை 1994-ல் விவரித்தார்கள்.

* * *

தாமதத்துக்குக் காரணம் பாக்டீரியாவின் அளவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். ஈ. கோலியின் நீளம் சுமார் இரண்டு மைக்ரான். பருமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நம் மின்சார இழுப்போ துகளின் கன அளவைப் பொறுத்தது. குறுக்களவு பத்தில் ஒரு பங்கானால் இழுப்பு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஓடும் தண்ணீர் துகளை அடித்துக்கொண்டு போகும் பலமோ பத்தில் ஒரு பங்காகத்தான் குறையும். ஆகவே சிறு கிருமிக்கு இழுப்பைவிட வெள்ளம் பலசாலி.

இந்தச் சங்கடத்தைத் தீர்த்து வைத்ததும் சிறுமைதான். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் 5,000 வோல்ட் கொடுத்தால் எத்தனை பலமான மின்புலம் கிடைக்குமோ, அதே பலம் இருபது மைக்ரான் இடைவெளியில் பத்து வோல்ட்டிலேயே கிடைத்துவிடும். கைக்கடக்கமான சில பாட்டரிகள் போதும். மின்வாய்களின் விளிம்பு கூராக இருந்தால், மின்புலம் இடத்துக்கு இடம் ஏறியிறங்குவதும் மிகத் தீவிரமாகும். நாம் மனத்தில் வைத்துக்கொண்ட நிபந்தனை அதுதானே? ஆகவே கருவி முழுவதையும் கிருமியின் அளவுக்குத் தக்கபடி சிறிதாக்க வேண்டியிருந்தது. மயிரிழை வாய்க்கால்களில் திரவங்களை ஓடவிடும் இந்தச் சாஸ்திரத்துக்கு 'மைக்ரோஃப்ளூயிடிக்ஸ்' என்று பெயர்.

கருவி பார்வைக்கு மிகவும் எளிமையானது. மைக்ராஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடிச் சில்லு ஒன்று. அதன்மேல் தங்கத்தை மிக மெல்லிய படலமாகப் பதித்து, ஒளிப்பட அச்சு முறையால் இரண்டு சீப்புகளைப்போல் செதுக்குகிறார்கள். ஒரு சீப்பின் பற்கள் மற்றதன் பற்களுக்கு இடையே, கோத்த கைவிரல்களைப்போல், ஒன்றையொன்று தொடாமல் அமைந்திருக்கும். இதற்குமேல் வாய்க்கால் செதுக்கிய ஒரு ரப்பர்க் கட்டியை ஒட்டுகிறார்கள். ஸிலிக்கோன் ரப்பர்ப் பாகை அச்சில் ஊற்றிக் கெட்டியாக்கி எடுக்கும் இந்த வழியை, ஹார்வர்ட் சர்வகலாசாலையின் வைட்ஸைட்ஸ் என்பவரும் அவருடைய மாணவர்களும் 1990-களில் பிரபலப்படுத்தினார்கள். நம் வீடுகளில் பர்பி அச்சில் ஊற்றுவதற்கும் இதற்கும் வித்தியாசம் அளவில்தான்.

வாய்க்காலின் ஒரு முனையில் தண்ணீரைச் செலுத்துகிறார்கள். விசையைப் போட்டதும், தண்ணீரோடு போய்க்கொண்டிருந்த கிருமிகள் தங்கப் பற்களின் விளிம்புகளில் வந்து தங்குகின்றன. ஒன்றன்பின் ஒன்றாக முத்துமாலைபோல் கோத்துக்கொண்டு நிற்பதும் உண்டு. தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். கிருமிகள் நின்றுகொண்டே இருக்கும். போதுமானவை சேர்ந்ததும் விசையை நிறுத்தினால், எல்லாம் ஒரே கூட்டமாகச் சொற்பத் தண்ணீரில் வெளியே வந்துவிடும். மின்புலத்தை அளவோடு வைத்திருந்தால் கிருமிக்குச் சேதமில்லை. அளவு மீறினால் சவ்வு கிழிந்து செத்துப்போகும்.

இன்னொரு வழியும் உண்டு. உலோகப் பற்களே வேண்டாம். வாய்க்காலின் நடுவே கண்ணாடித் தூண்களை வரிசையாக நிறுத்தினால் போதும். பாலத்தின் தூண்களுக்கு நடுவே ஆற்று நீர் நெருக்குண்டு வேகங்கொள்வதைப்போல, மின்புலமும் தூண்களின் இடைவெளியில் நெருக்குண்டு பலம் பெறுகிறது. மின்வாய்கள் வாய்க்காலின் இரு கோடியிலும் தள்ளி இருப்பதால், குமிழிகள் கண்ணியருகே வருவதில்லை. ஒரே திசை மின்சாரத்தையும் உபயோகிக்கலாம். கலிபோர்னியாவிலுள்ள ஸாண்டியா ஆராய்ச்சிச்சாலையில் பிளாங்கா லாபிஸ்கோ என்ஸினாஸ் அம்மையாரும் சகாக்களும் இவ்வகைக் கருவியில் உயிருள்ள ஈ. கோலியையும் செத்த ஈ. கோலியையும் பிரித்து நிறுத்தி, 2004-ல் வெளியிட்டார்கள். உயிருள்ளவற்றுக்குப் பச்சைச் சாயமும் செத்தவற்றுக்குச் சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தபடியால், தூண்களுக்கிடையே அவை தனித்தனிப் பட்டைகளாக ஒளிர்வதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

* * *

இத்தனை இருந்தும் இந்தக் கண்ணி ஏன் இன்னும் நம் ஊர் ஆஸ்பத்திரி மேஜைக்கு வரவில்லை என்று கேட்பது நியாயம்.

முதல் தடை ரத்தம். ரத்தத்தில் உப்பு அதிகம். உப்பு அதிகமான திரவம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் சூடு உண்டாகும். கிருமியை விளிம்புக்கு இழுப்பதும் கடினமாகும். 500 கோடி சிவப்பணுக்களோ வழியை மறித்துக்கொண்டு நிற்கும். ஆகவே முதலில் சிவப்பணுக்களைப் பிரித்து, உப்பைக் குறைத்து, பிறகே கண்ணியில் விட வேண்டும். ஒவ்வொரு படியிலும் இருக்கிற பத்துக் கிருமிகளில் ஒன்றிரண்டு தவறிவிடக்கூடும். பத்தில் இரண்டு போனால் பெரிய நஷ்டம்.

இரண்டாவது தடை வாய்க்காலின் குறுகல். இதை என் வகுப்பில் அந்தப் பெண்ணே கண்டுபிடித்தாள். மறுநாள் வந்து, "ஸார், அப்படியானால் தெருக் குழாயிலேயே இந்தக் கருவியை மாட்டிவிடலாமே?" என்று கேட்டாள். நான் சாக்குக்கட்டியைக் கையில் கொடுத்து, "நீயே கணக்குப் போடு. ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோலிட்டர். ஒரு வாய்க்காலில் நிமிஷத்துக்குப் பத்து மைக்ரோலிட்டர் தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொள். சட்டப்படி 100 மில்லிலிட்டரைச் சோதிக்க வேண்டும்" என்றேன். அவள் போட்டாள். ஒரு மில்லிலிட்டருக்கு 100 நிமிஷம். 100 மில்லிலிட்டருக்கு 10,000 நிமிஷம். ஒரு நாளைக்கு 1,440 நிமிஷம். ஏறக்குறைய ஏழு நாள்!

"அகர் அகரே தேவலை ஸார், ஒரு நாளில் சொல்லிவிடும்" என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது.

சிரித்தாலும் விஷயம் அதுதான். ஆகையால் தண்ணீரை முதலில் வடிகட்டியால் சுருக்கிப் பிறகு கண்ணியில் விடுவது, நூற்றுக் கணக்கான வாய்க்கால்களைப் பக்கத்தில் பக்கமாக அமைப்பது என்று ஆராய்ச்சியாளர்கள் பல வழிகளில் முயன்று வருகிறார்கள். பிடித்த கிருமியின்மேல் மருந்தைச் செலுத்தி, அது அங்கேயே தளர்ந்து சாகிறதா அல்லது அசையாமல் சமாளிக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கவும் முயலுகிறார்கள். இது கைகூடினால் இன்ன மருந்து பலிக்கும், இன்ன மருந்து பலிக்காது என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அந்தச் சில மணி நேரத்தின் விலை என்ன? மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ம் வருஷம் ஒன்றில் மட்டும் உலகத்தில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டார்கள் என்று விஞ்ஞானிகள் கணித்திருக்கிறார்கள். உத்தேசமாக மருந்து கொடுப்பதும், வேண்டாத மருந்தைக் கொடுப்பதும் அந்தக் கிருமிகளை மேலும் பழக்கிவிடுகின்றன. எது கிருமி, எதற்குச் சாகும் என்று அன்றைக்கே தெரிந்தால், டாக்டர் உத்தேசத்தை நம்ப வேண்டியதில்லை. வராந்தா பெஞ்சில் மூன்று நாள் உட்கார வேண்டியதுமில்லை.

கிரேக்க தேசத்தில் தேலீஸ் என்ற அறிஞர், தேய்த்த அம்பர்க் கட்டி துரும்புகளை இழுப்பதைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே கவனித்ததாகச் சொல்லுவார்கள். அந்தத் துரும்பின் இயக்கத்தைக் கிருமிக்குப் பொருத்திப் பார்க்க மனிதனுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் ஆயிற்று. இனி மிச்சமுள்ள தூரம் அத்தனை நீளமாக இராது என்று நம்புகிறேன்.

என் கரும்பலகை வாக்கியத்தை நான் மாற்றிக்கொண்டுவிட்டேன். "சீப்பு மின்னேற்றம் பெறுகிறது" என்பதோடு நிறுத்தாமல், "காகிதமும் தற்காலிகமாகப் பெறுகிறது, ஏன் என்று கேள்" என்று சேர்த்து எழுதுகிறேன். அந்தப் பெண் தன் நோட்டில் ஏழு நாள் கணக்கைக் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அதை எப்படி ஏழு நிமிஷமாக்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பதாக அவளுடைய தாயார் என்னிடம் சொன்னார்கள். யோசிக்கட்டும்.

அதுவரையில் வாசகர்கள் வீட்டில் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஈ. கோலியைப் பிடிப்பதற்குத்தான் இத்தனை சிரமம். கொல்லுவதற்கு ஓர் அடுப்பே போதும்.